கொள்ளிடத்தின் பின்னாலேயே...

கூடாரம் என்றால் எனக்கு சர்க்கஸ் கூடாரம்தான் தெரியும். குடும்பத்தோடு கூடாரம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் தங்குவதெல்லாம் வெள்ளைக்காரர்கள் செய்கிற காரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன தை மாதம், 72 வயது மாமியார் உட்பட எங்கள் வீடே அப்படி நாலு நாள் சுற்றிவிட்டு வந்தது! ஸ்ரீரங்கத்தில் புறப்பட்டு, கொள்ளிடத்தின் பின்னாலேயே போய்க் கடலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கரையோரமாகவே கோடிக்கரை வரை. போக வர 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் ஆகிற காரியமா என்று தெருவில் எல்லாரும் கேட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கூடாரம் வந்த கதை. என் நாத்தனார் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் டவுன்ஸ்வில் என்ற ஊரில் இருக்கிறாள். நம் ஊர் மாதிரியே வெயில், புழுக்கம், மாமரம், தென்னை எல்லாம் உண்டாம். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், மழையில்லாத மாதங்கள். பள்ளிக்கூட லீவு விட்டதும் காரில் கூடாரம், அடுப்பு, படுக்கை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குழந்தைகளோடு கரையோரமாக வடக்கே கிளம்பிவிடுவார்களாம். 350 கிலோமீட்டர் போனால் கெய்ன்ஸ். அதையும் தாண்டிப் போய், டெய்ன்ட்ரீ என்கிற ஆற்றைக் காரோடு படகில் ஏறிக் கடந்தால், ஒரு பக்கம் மழைக்காடு, மறுபக்கம் கடல்.

"சமுத்திரம் கண்ணாடி மாதிரி இருக்கும் மன்னி. ஆனா நெனச்ச எடத்துல எறங்கிட முடியாது. முதலை படம் போட்டுக் கரையிலயே போர்டு வெச்சிருப்பா. நவம்பர்லேர்ந்து மே வரைக்கும் சொறிமீன் வேற. அதுக்காக பீச்சுலயே கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வெச்சிருக்கா, தெரியுமோ?" என்பாள். என் குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

அப்பாவின் வருஷாப்திகத்துக்கு மார்கழியில் வந்தவள், திரும்பும்போது ஒரு கூடாரத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனாள். நாலு பேர் படுக்கலாம். மடித்தால் ஒரு தலையணை அளவுதான். "அடுத்த தடவை நான் வரச்சே இது பிரிக்காம அப்படியே இருந்தா உன்னோட பேசவே மாட்டேன்" என்று மிரட்டல் வேறு.

ஆனால் கூடாரம் வந்ததால் மட்டும் நாங்கள் கிளம்பவில்லை. காரணம் என் சின்னவள்.

அவளுக்கு ஆறு வயசு. தாத்தா செல்லம். தாத்தாதான் தினமும் பள்ளிக்கூட வேன் வரும்வரை அவளோடு தெருமுனையில் நிற்பார். மாமனார் காலமான அன்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். "தாத்தா தூங்கறார்டா கண்ணா" என்று ஒரு மாமி சொல்லியிருக்கிறாள், நல்லெண்ணத்தோடுதான். வைகுண்ட ஏகாதசி நெருங்கிய சமயம். வந்தவர்கள் எல்லாரும், "தாத்தா வைகுண்டம் போயிட்டார்" என்றார்கள். பெரியவன் பதினோரு வயசுப் பையன். அப்பாவோடு கொள்ளிடக்கரைக்குப் போய் வந்தவன். அவன் பட்டென்று, "அதெல்லாம் இல்லடீ, தாத்தா சாம்பலைக் கொள்ளிடத்துல கரைச்சாச்சு" என்று போட்டு உடைத்துவிட்டான்.

ஒரே தாத்தா, மூன்று இடத்தில்! அந்தச் சின்ன மூளை என்ன பாடுபட்டதோ, ராத்திரி தூங்குவதையே விட்டுவிட்டாள். விளக்கை அணைத்தால் அலறுவாள். இரண்டு மணிக்கு எழுந்து பாட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனோம். மருந்து எதுவும் எழுதவில்லை அவர். "செத்துப்போனவங்களைத் தூங்கறாங்கன்னு குழந்தைகிட்ட சொல்லவே கூடாதும்மா. தானும் தூங்கினா எழுந்திருக்க மாட்டோம்னு அது பயப்படும். ஊருக்குப் போயிருக்காருன்னும் சொல்லாதீங்க. தினம் வாசல்ல காத்திருக்கும். தாத்தா இறந்துட்டார், அவர் உடம்பு இனிமே வேலை செய்யாது, அவருக்கு வலி கிடையாது, இதை அதுக்குப் புரியற வார்த்தையில சொல்லுங்க. எத்தனை தடவை கேட்டாலும் எல்லாரும் அதே பதிலைச் சொல்லுங்க" என்றார். இந்த நாலு வரியை எந்தத் தாயாவது குறித்து வைத்துக்கொண்டால் நல்லது.

சொன்னோம். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. ஆனால் கேள்வி மாறிவிட்டது. வடக்கே கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலில் ஒட்டிக்கொள்வாள். கொள்ளிடத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே, முக்கால்வாசி நாள் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். நடுவில் எங்கோ ஓர் ஓடை.

"ஆத்துல ஜலமே இல்லையேம்மா, தாத்தா எப்படிப் போவார்? மணல்ல மாட்டிண்டிருப்பாரா?"

"இல்லடா, மழை வந்தா ஆறு கடலுக்குப் போயிடும்."

"நீ பார்த்திருக்கியா?"

நான் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு 14 வருஷம். மாமியாருக்கு 50 வருஷம் ஆகிறது. இரண்டு ஆற்றுக்கு நடுவில் குடியிருக்கிறோமே தவிர, கொள்ளிடம் எங்கே போய் முடிகிறது என்று எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. "போய்ப் பார்த்துட்டா போச்சு" என்றார் என்னவர். மாமியார், "நானும் வரேன்" என்றாள். அவ்வளவுதான்.

காணும் பொங்கல் கூட்டம் கலைந்த மறுநாள் கிளம்பினோம். எங்களுடையது பழைய ஆம்னி வேன். நடு ஸீட்டை மடித்துச் சாமான் ஏற்றினோம். என்ன சாமான் என்கிறீர்களா? புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் (சாதம் மட்டும் வடித்துக்கொண்டால் எந்த ஊரிலும் புளியோதரை), பருப்புப்பொடி, நல்லெண்ணெயில் தோய்த்த மிளகாய்ப்பொடி இட்லி முதல் நாளுக்கு, நார்த்தங்காய், அரிசி, ரவை, காப்பிப்பொடி, சின்ன காஸ் அடுப்பு. அடுப்பை எக்காரணம் கொண்டும் வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ பற்றவைக்கக் கூடாது. காற்றுக்கு மறைப்பாக ஒரு தகரத்தை வைத்து வெளியேதான். குடிக்க வீட்டுத் தண்ணீரே இரண்டு கேன். மருந்துப் பையில் உப்பு-சர்க்கரைப் பொட்டலம், ஜுர மருந்து, பஞ்சு, பிளாஸ்திரி, வேனில் குமட்டினால் வாயில் போட்டுக்கொள்ளச் சுக்கு வெல்ல உருண்டை. சாப்பிட்ட உடனே வண்டி ஏற்றாமல் அரைமணி விட்டு ஏற்றினால் பாதிக் குழந்தைகளுக்கு வாந்தியே வராது. மாமியார் தன் சொம்பையும் மடிப்புடவையையும் தனிப் பையில் எடுத்துக்கொண்டாள். "கூடாரத்துல மடி எப்படிக் காயப்போடறதுன்னு பார்க்கலாம்" என்று சவால் விடுகிற குரலில் சொன்னாள்.

முதல் நிறுத்தம் கல்லணை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டுச் சுற்றிக்கொண்டு, கல்லணை அருகில் இரண்டும் மறுபடி கையெட்டும் தூரத்துக்கு வந்து, பிறகு ஒரேயடியாகப் பிரிந்துவிடுகின்றன. பாசனத்துக்குக் காவிரி, வெள்ளம் வந்தால் வாங்கிக்கொள்ளக் கொள்ளிடம். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்றே பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். முக்கொம்பு மேலணையை 1836-ல் ஆர்தர் காட்டன் கட்ட ஆரம்பித்தார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் சில இடிந்துபோனதும், பிறகு புது அணை கட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். "அந்த வெள்ளத்துல போயிருந்தா தாத்தா சீக்கிரம் போயிருப்பார்" என்றாள் சின்னவள், கணக்குப் போடுகிற மாதிரி. நாங்கள் யாரும் பேசவில்லை.

திருவையாற்றில் அசோகா அல்வா. கும்பகோணத்தில் ஒரு தெருவோர நிழலில் புளியோதரை, தயிர்சாதம். கோவில்களைப் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது, விட்டுவிடுகிறேன்.

பிற்பகல் அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டிய கீழணை இங்கேதான். இங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. அங்கிருந்து குழாய் வழியே சென்னைக்கும். பெரியவன் அத்தை சொன்ன முதலைக் கதையை எடுத்துவிட்டான். பாலத்தருகே வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தாள். "முதலையா? எங்க கொள்ளிடத்துலயே கெடக்கே தம்பி!" நிஜம்தான். கீழணைக்கு அருகிலும் அதற்குக் கீழே சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களிலும் சதுப்பு முதலைகள் உண்டு. துணி துவைக்க இறங்குகிறவர்கள் ஜாக்கிரதையாகத்தான் இறங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பது உப்பு ஜலத்து முதலை, ரொம்பப் பெரிது. இது நம் ஊர் நல்ல தண்ணீர் ஜாதி. ஆனாலும் முதலை முதலைதானே! இறங்கவே வேண்டாம் என்று மேலேயே நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினோம். அன்று ராத்திரி சிதம்பரத்தில் ஒரு சத்திரத்தில் படுக்கை.

இங்கே ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இப்படிக் கிளம்பினால் பெண்களுக்குப் பெரிய கஷ்டம் சாப்பாடும் இல்லை, படுக்கையும் இல்லை, ஒதுங்க இடம்தான். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்புறம் நீர்க்கடுப்பு, ஜுரம். நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். வழியில் நல்ல பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால், பெட்ரோல் வேண்டுமோ வேண்டாமோ, வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவேன். இரண்டு மணிக்கு ஒரு தரம் எல்லாரும் இறங்கியே ஆகவேண்டும். ஒரு பக்கெட், ஒரு சொம்பு, சோப்பு, ஒரு பழைய புடவை (நாலு குச்சியில் கட்டினால் மறைவு) இவை இல்லாமல் கிளம்பாதீர்கள். மாதவிலக்கு நாட்களாக இருந்தால் பழைய செய்தித்தாளும் மூடி போட்ட டப்பாவும் கூடுதலாக.

மறுநாள் காலை பிச்சாவரம். இப்படி ஓர் இடம் இருப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டாமல் இத்தனை நாள் விட்டுவிட்டோமே என்று இருந்தது. 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படத்தில் இந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே, உப்புத் தண்ணீரில் வேரூன்றி நிற்கிற காடு. சுரபுன்னை மரம் கிளையிலிருந்தே வேரை இறக்கிச் சிலந்தி மாதிரி பல காலில் நிற்கிறது. தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் அதனால் வந்ததுதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை இலையைக் கிள்ள விடாதீர்கள். துடுப்புப் படகில் போனால், மரங்கள் இரண்டு பக்கமும் தலைக்கு மேல் கூரை போட்ட மாதிரி சேர்ந்துவிடுகின்றன. சத்தமே கிடையாது. வெள்ளை நாரை ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் மீன் கொத்திக்கொண்டிருந்தது. மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளாமல் குழந்தைகளைப் படகில் ஏற்றாதீர்கள். "ஆழமே இல்லம்மா" என்று யார் சொன்னாலும் சரி.

2004 சுனாமியின்போது இந்தக் காடு அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டதால் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைந்தது. படகுக்காரர் அதைச் சொன்னபோது மாமியார் பக்கத்தில் வந்த ஒரு கிளையைத் தடவிக் கொடுத்தாள்.

அங்கிருந்து திரும்பிக் கொள்ளிடம் பாலத்தைக் கடந்து, சீர்காழிச் சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து பழையாறு. அங்கேதான் கொள்ளிடம் கடலோடு சேர்கிறது. மீன்பிடி துறைமுகம், ஊர் முழுக்கக் கருவாட்டு வாசனை. எங்கள் வீட்டில் சைவம். மாமியார் முகத்தைப் பார்த்தேன். தலைப்பால் மூக்கைக்கூட மூடிக்கொள்ளவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் வழி கேட்டோம். "ஆத்து வாய் பார்க்கணுமா? வாங்க" என்று வலையை அப்படியே போட்டுவிட்டு, வெறுங்காலோடு மணலில் முன்னால் நடந்தாள்.

வெயில் சாய்ந்திருந்தது. இடது பக்கம் ஆறு, அகலமாக, அவசரமே இல்லாமல். எதிரில் கடல். இரண்டும் சேருகிற இடத்தில் கோடு ஒன்று தெரிகிறது. இந்தப் பக்கம் செம்பழுப்பு, அந்தப் பக்கம் பச்சை. எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு மைல் தள்ளி மணலாகக் கிடக்கிற அதே கொள்ளிடம்! எனக்கே தொண்டையை அடைத்தது.

சின்னவள் அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இந்த ஆத்துல வர்றதெல்லாம் இங்கதான் வருமா?"

"ஆமா கண்ணு. வெள்ளம் வந்தா மேக்கேருந்து மரம், வாழ, தேங்கா எல்லாம் அடிச்சுக்கிட்டு வரும். எல்லாம் இங்கனதான் வந்து சேரணும்."

"சாம்பல்?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் என் மாமியாரின் நெற்றியைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். "சாம்பல் லேசுதானே கண்ணு. அது மொத ஆளா வந்துடும்" என்றாள்.

சின்னவள் குனிந்து ஒரு கை தண்ணீரை எடுத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். "ஐயே, உப்பு! தாத்தாவுக்கு உப்பே ஆகாதே! டாக்டர் திட்டுவாரே!"

மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு. பத்து வருஷம் உப்பில்லாப் பத்தியம். ஒரு அப்பளத்துக்காக மாமியாரிடம் அவர் கெஞ்சின கெஞ்சல் வீட்டுக்கே தெரியும். முதலில் சிரித்தது மாமியார்தான். சிரித்துக்கொண்டே, கணுக்கால் தண்ணீரில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போறார், இனிமே யாரு கேக்கப்போறா! நன்னா சாப்பிடட்டும்" என்றாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு காப்பி வேண்டும் என்றாள்.

அன்று ராத்திரி சீர்காழிப் பக்கம் என் சிநேகிதியின் தோப்பில் கூடாரம் போட்டோம். தென்னை மரத்தடியில் போடக் கூடாது, தேங்காயோ மட்டையோ எப்போது விழும் என்று சொல்ல முடியாது, களத்துமேட்டில் போட்டோம். கொசுவுக்கு வலை வைத்த கூடாரம். மாலையில் ஜிப்பைத் திறந்துபோடாமல் இருந்தாலே போதும். தைப்பனி பலமாகக் கொட்டும். தலைக்குக் குல்லாய் அவசியம். சின்னவளும் பாட்டியும் உள்ளே. மடிப்புடவை, வேனுக்கும் வேப்ப மரத்துக்கும் கட்டின கொடியில் கம்பீரமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் பூம்புகார். காவிரி கடலில் சேருகிற இடம். சின்னவளுக்குப் பெரிய ஏமாற்றம். "இவ்ளோ குட்டியா!" என்றாள். நிஜமாகவே ஒரு வாய்க்கால் அகலம்தான். வழியெல்லாம் கிளை கிளையாகப் பிரிந்து வயல்களுக்குப் போய்விட்டது. "பொண்களுக்கெல்லாம் சீர் பண்ணிக் குடுத்துட்டு வெறுங்கையோட வந்து நிக்கறா" என்றாள் மாமியார். 1973-ல் கட்டின சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் பெரியவன் அரைமணி செலவழித்தான். கண்ணகி கதையைத் தங்கைக்குத் தப்புத்தப்பாகச் சொல்லிக்கொண்டு.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டின கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1706-ல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை இங்கேதான் அச்சடித்தார். கோட்டையைவிட என் மனசில் நின்றது பக்கத்திலுள்ள மாசிலாமணிநாதர் கோவில். அதில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கரையில் இழுவை அதிகம். முழங்காலுக்கு மேல் குழந்தைகளை விடாதீர்கள். சொறிமீன் பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, மணலைப் போட்டுத் தேய்க்கவும் கூடாது. கடல் தண்ணீராலேயே கழுவிவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். ஆஸ்திரேலியாவில் வினிகர் ஊற்றுவது அங்கத்திய பெட்டிச் சொறிமீனுக்காக. எல்லா ஜாதிக்கும் அது பொருந்தாது என்று நாத்தனார் சொல்லியிருந்தாள்.

காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26 காலையில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரியவன் கேட்கக் கேட்க என்னவர் ஒளிக்காமல் சொன்னார். கடல் திடீரென்று உள்வாங்கினால் கிளிஞ்சல் பொறுக்க ஓடக் கூடாது, மேட்டைப் பார்த்து ஓட வேண்டும் என்பதையும் சொன்னார். சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தாள். ராத்திரி பயப்படுவாளோ என்று எனக்குத்தான் பயம்.

வேதாரண்யம் வந்தபோது சாயங்காலம். இரண்டு பக்கமும் உப்பளம். எங்கள் திருச்சிக்காரர்களுக்கு இந்த ஊர் சொந்த ஊர் மாதிரி. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து நடக்க ஆரம்பித்து, 28-ந் தேதி இங்கே வந்து சேர்ந்தார். 30-ந் தேதி உப்பு அள்ளிக் கைதானார். இந்தச் சத்யாக்கிரகத்தில் பங்கெடுத்துச் சிறை சென்ற பெண்மணி ருக்மிணி லட்சுமிபதி. நாங்கள் வேனில் வந்ததற்கே இடுப்பு வலிக்கிறது. சித்திரை வெயிலில் பதினைந்து நாள் நடந்திருக்கிறார்கள்!

அன்று என்னவரின் சிநேகிதர் தோப்பில் தங்கல். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டது. இப்போது இருப்பவை இளமரங்கள். எட்டிப் பறிக்கிற உயரத்தில் குலை. அந்த வீட்டு அம்மாள், "புள்ளை மாதிரி வளர்த்த மரம்லாம் ஒரே ராத்திரில போச்சுங்க. அழுதுக்கிட்டேதான் திரும்ப நட்டோம்" என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ராத்திரி நாத்தனார் போனில் வந்தாள். அங்கே நடுநிசி தாண்டிவிட்டது. நாங்கள் எங்கே இருக்கிறோமோ என்று தூக்கம் வரவில்லையாம். சின்னவள் போனைப் பிடுங்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டாள். கொள்ளிடம், கருவாடு, உப்பு எல்லாம் ஒப்பித்துவிட்டு, "அத்தை, இந்தக் கடலும் உங்காத்துக் கடலும் ஒண்ணா?" என்றாள். "ஆமாண்டா, எல்லாக் கடலும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததுதான்." "அப்போ தாத்தா அங்கேயும் வருவார். முதலை போர்டைப் பார்த்துட்டு எறங்கச் சொல்லு." அதன் பிறகு வெகுநேரம் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன பெண் அவள். போனை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

நாலாம் நாள் விடியற்காலை கோடிக்கரை. 1967-ல் சரணாலயமாக அறிவித்த காடு. முறுக்கின கொம்போடு வெளிமான்கள் துள்ளின துள்ளலைப் பார்த்துக் குழந்தைகள் வேனுக்குள்ளேயே குதித்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் மேய்கின்றன. தூரத்துச் சதுப்பில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. இரவல் வாங்கிப்போன பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் பூநாரை! இவற்றைப் பார்க்க வேண்டுமானால் கார்த்திகை முதல் மாசி வரைக்குள் போய்விடுங்கள். மாமியார் பைனாகுலரைப் பெரியவனிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

மன்னார்குடி, தஞ்சாவூர் வழியாக இருட்டும் சமயத்தில் வீடு. எல்லாத் துணியிலும் மணல்; புளிக்காய்ச்சல் பாட்டில் காலி. சின்னவள் எப்படித் தூங்குகிறாள் என்று கேட்பீர்கள். இன்னும் சில ராத்திரி எழுந்துகொள்கிறாள். ஆனால் பாட்டியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

கூடாரத்தை மொட்டை மாடியில் உலர்த்தி மடித்து வைத்தாயிற்று. அடுத்த தடவை தனுஷ்கோடி என்று மாமியார் இப்போதே சொல்லிவிட்டாள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். 2017-லிருந்து அரிச்சல்முனை வரைக்கும் நல்ல சாலை இருக்கிறது. பெரியவன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தேவிபட்டினம், பாம்பன் என்று விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"அங்கே எந்த ஆறு வரது?"

"ராமேஸ்வரம் தீவுல ஆறே கிடையாதுடீ."

"அப்போ எதுக்குப் போறோம்?" என்றாள்.